தென்னை நார்க்கழிவில் செடி வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடியில், பால்கனியில், வீட்டுக்குள் விளக்கின் கீழ் என்று எங்கு வைத்தாலும், நார்க்கழிவில் கீரையும் தக்காளியும் மிளகாயும் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. செடி சரியாக வரவில்லை என்று சொல்பவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும்: உப்பு போகக் கழுவவில்லை, அல்லது கால்சியம் கொடுக்கவில்லை. அதனால் அந்த இரண்டுக்கும் இங்கே நீளமான பதில்.

கோகோ பீட், காயர் பித், நார்க்கழிவு எல்லாம் ஒன்றுதானா?

ஒன்றுதான். தேங்காய் மட்டையை அடித்து நாரைப் பிரிக்கும்போது நாரோடு ஒட்டியிருந்த பழுப்புத் தூள் உதிரும். அதுதான் இது. ஒரு கிலோ நார் எடுத்தால் ஏறத்தாழ இரண்டு கிலோ தூள் மிஞ்சும். பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் பக்கத்து நார் மில்களில் ஒரு காலத்தில் இதை என்ன செய்வதென்று தெரியாமல் சாலையோரம் குவித்தார்கள், எரித்தார்கள். இன்று கழுவி, காயவைத்து, கட்டியாக அழுத்தி நெதர்லாந்து, ஸ்பெயின், தென் கொரியா என்று அனுப்புகிறார்கள். அங்கே பசுமைக்குடில்களில் தக்காளியும் ஸ்ட்ராபெரியும் இதில்தான் விளைகின்றன. நம் ஊரிலும் குழித்தட்டு நாற்றுப் பண்ணைகள் முழுக்க இதை நம்பித்தான் இருக்கின்றன. நீங்கள் வாங்கும் தக்காளி நாற்றைக் குழியிலிருந்து உருவிப் பார்த்தால் வேரைச் சுற்றி இருப்பது இந்தத் தூள்தான்.

‘சிப்ஸ்’ என்று விற்பது மட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டியது. ஆர்க்கிட், ஆந்தூரியம் போன்றவற்றுக்கு அது நல்லது. காய்கறிக்குத் தூள்தான் வேண்டும். கொஞ்சம் குறுநார் கலந்திருந்தால் இன்னும் நல்லது, காற்றோட்டம் கிடைக்கும்.

மண் இருக்கும்போது இது எதற்கு?

தரையில் நல்ல மண் இருந்தால் தேவையே இல்லை. மண்ணிலேயே வளருங்கள். மாடிக்கும் வீட்டுக்குள்ளும்தான் இதன் அருமை தெரியும். 15 லிட்டர் பையில் மண்ணை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 20 கிலோவைத் தாண்டிவிடும். அதே பையில் நார்க்கழிவு, ஈரத்தோடு எடை போட்டாலும் அதில் பாதிக்கும் குறைவு. முப்பது, நாற்பது பை வைப்பவர்களுக்கு, அதிலும் பழைய கட்டடத்தில் இருப்பவர்களுக்கு, இது பெரிய விஷயம். தன் எடையைப் போல எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொண்ட பிறகும் வேருக்குக் காற்று போக இடம் விட்டுவைக்கும். தொட்டியில் அடைத்த மண் இறுகிப்போவதைப் போல இது சீக்கிரம் இறுகாது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இதில் செடிக்கான சாப்பாடு கிடையாது. பொட்டாசியம் கொஞ்சம் இருக்கும், அவ்வளவுதான். தழைச்சத்து, மணிச்சத்து, கால்சியம், மக்னீசியம் எல்லாம் நீங்கள் கொடுத்தால்தான் உண்டு.

கட்டி வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

உறையில் ‘லோ ஈ.சி.’ அல்லது ‘வாஷ்டு’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஈ.சி. என்பது மின்கடத்தும் திறன். உப்பு கூடினால் அதுவும் கூடும். கழுவிய தரமான கட்டி 0.5-க்குக் கீழே இருக்க வேண்டும் (இங்கே சொல்லும் ஈ.சி. எண்கள் எல்லாம் mS/cm அலகில்). கழுவாதது அதைப் போலப் பல மடங்கு காட்டும். ‘ஹை ஈ.சி.’ கட்டி விலை குறைவு என்று வாங்கினால் கழுவும் வேலையும் தண்ணீர்ச் செலவும் உங்கள் தலையில்தான். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் இருப்பவர்கள் கூடுதல் விலை கொடுத்துக் கழுவியதை வாங்குவதே மேல் என்பது என் கருத்து.

5 கிலோ கட்டி ஊறினால் 60 முதல் 75 லிட்டர் வரை வரும். 650 கிராம் செங்கல் அளவுக் கட்டி எட்டு, ஒன்பது லிட்டர் வரும். பை எத்தனை என்று கணக்குப் போட்டு வாங்குங்கள்.

கழுவியது என்று எழுதியிருந்தாலும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். ஆர்.ஓ. தண்ணீரைப் பார்க்க வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) போதும். ஊறிய நார்க்கழிவு ஒரு டம்ளர், உங்கள் வீட்டுத் தண்ணீர் ஒன்றரை டம்ளர் கலந்து அரை மணி நேரம் கழித்து வடிகட்டி அளந்து பாருங்கள். வெறும் தண்ணீரின் அளவைவிட 250-க்கு மேல் கூடியிருந்தால் மறுபடி கழுவ வேண்டும். (டி.டி.எஸ். 500 என்று காட்டினால் ஈ.சி. ஏறத்தாழ 1 என்று கொள்ளலாம்.)

இந்த உப்பு எங்கிருந்து வருகிறது? எப்படிக் கழுவுவது?

தென்னை பொட்டாசியத்தையும் குளோரைடையும் நிறைய இழுக்கும் மரம். அதில் கணிசமான பங்கு மட்டையில் போய்ச் சேர்கிறது. கடற்கரைத் தோப்பாக இருந்தால் சோடியமும் சேரும். மட்டையை உப்பங்கழியில் ஊறவைத்து நார் எடுத்திருந்தால் இன்னும் மோசம். அந்த உப்பு அப்படியே தூளில் இருக்கும்.

கழுவ ஒரு பழைய சாக்கு போதும். கட்டியை முதலில் ஒரு பெரிய டப்பில் ஊறவைத்து உதிர்த்துக்கொள்ளுங்கள். உதிர்த்ததைச் சாக்கில் போட்டு, அரை மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்து, தூக்கி வடியவிடுங்கள். முதல் தண்ணீர் அடர் பழுப்பாக வரும். இரண்டு, மூன்று முறையில் நிறம் வெளுக்கும். நிறம் போனால் உப்பும் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. அந்த நிறம் டானின் என்ற துவர்ப்புப் பொருள் போன்றவற்றால் வருவது. மீட்டரில் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். கழுவிய தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றாதீர்கள். வீட்டில் தென்னை மரம் இருந்தால் அதன் வட்டப்பாத்தியில் ஊற்றலாம், அந்த உப்பை அது தாங்கும்.

கழுவிவிட்டேன். அப்புறம் கால்சியம் நைட்ரேட்டில் ஊறவை என்கிறார்களே, அது எதற்கு?

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நாற்று நன்றாக வந்து, பூக்கும் சமயத்தில் செடி தடுமாறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

நார்க்கழிவின் பரப்பில் எதிர்மின் தன்மை கொண்ட இடங்கள் ஏராளம். பொட்டாசியமும் சோடியமும் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வெறும் தண்ணீரில் கழுவினால், கரைந்து சும்மா திரியும் உப்பு மட்டும்தான் போகும். ஒட்டியிருக்கும் பொட்டாசியமும் சோடியமும் அசையாது. மீட்டரும் அதைக் காட்டாது. பிறகு நீங்கள் உரத்தண்ணீர் கொடுக்கும்போது அதிலிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அந்த இடங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்த பொட்டாசியமும் சோடியமும் கழன்று வேருக்கு வரும். ஆக நீங்கள் கொடுத்த கால்சியம் செடிக்குக் கிடைக்காது, கேட்காத சோடியம் கிடைக்கும். செடி வைப்பதற்கு முன்பே அந்த இடங்களைக் கால்சியத்தால் நிரப்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கால்சியத்துக்கு இரட்டை மின்னூட்டம் இருப்பதால் ஒற்றை மின்னூட்டமுள்ள சோடியத்தையும் பொட்டாசியத்தையும் எளிதாகத் தள்ளிவிடும்.

செய்முறை எளிது. உரக்கடையில் நீரில் கரையும் கால்சியம் நைட்ரேட் கிடைக்கும். லிட்டருக்கு 2 கிராம் கரைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோ கட்டிக்கு 25 லிட்டர் தண்ணீரில் 50 கிராம். கழுவி நன்றாக வடித்த நார்க்கழிவை இதில் ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் வடித்து, ஒரு முறை நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். அலசாமல் விட்டால், கழன்று வந்த சோடியம் அங்கேயே நிற்கும். பிறகு செய்த வேலை வீண்.

இயற்கை முறையில் மட்டும் வளர்ப்பவர்கள் ஜிப்சம் தூளைக் கலந்து, ஈரமாக ஒரு வாரம் வைத்திருந்து அலசலாம். ஜிப்சம் தண்ணீரில் கொஞ்சமாகத்தான் கரையும் என்பதால் நேரம் எடுக்கும். சுண்ணாம்பு வேண்டாம், அது கார அமில நிலையை ஏற்றிவிடும்.

தனியாகப் போடலாமா, எதையாவது கலக்க வேண்டுமா?

நீங்கள் எப்படி உரம் கொடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீரில் கரையும் உரத்தை அளந்து அடிக்கடி கொடுப்பவர் தனி நார்க்கழிவிலோ, மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் (எரிமலைப் பாறையைப் பொரித்த லேசான வெள்ளைத் துகள்) கலந்தோ வளர்க்கலாம். மண்புழு உரம், பஞ்சகவ்யம், மீன் அமிலம் என்று போகிறவர்களுக்குத் தனி நார்க்கழிவு ஒத்துவராது. அந்த இடுபொருட்களைச் சிதைத்துச் சத்தாக்க நுண்ணுயிர்கள் வேண்டும். அவை வாழ மண்ணும் மட்கிய உரமும் வேண்டும். அவர்கள் செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்து, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்தால் போதும்.

என் தோட்ட அனுபவத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கலவைதான் பொறுத்துப்போகிறது. ஒருநாள் உரம் தவறினாலும், தண்ணீர் தாமதமானாலும் செடி சமாளித்துக்கொள்ளும்.

நார் மில்லிலிருந்து நேரே மூட்டையில் வாங்கிப் போடலாமா?

பச்சையாகப் போடாதீர்கள். புதுத் தூளில் கரிச்சத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 100-க்கு 1 என்பதைவிட அதிகம். மண்ணில் கலந்தால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் செடிக்கு வேண்டிய தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். டானின் வேறு வேரைக் கெடுக்கும்.

தோட்டத்துக்கு மொத்தமாக வேண்டுமென்றால் மட்கவைத்துப் பயன்படுத்துங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை ஒன்று நீண்ட நாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியா, சிப்பிக்காளான் வித்து 5 புட்டி. நிழலில் 100 கிலோ பரப்பி ஒரு புட்டி வித்தைத் தூவ வேண்டும். அதன்மேல் இன்னொரு 100 கிலோ பரப்பி ஒரு கிலோ யூரியா. இப்படி மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டே போக வேண்டும். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், எளிதில் மட்காத மரப்பொருளான லிக்னினைக் காளான் சிதைத்துவிடும். இரண்டு மாதம் போல விட்டுவைத்தால் பழுப்பு மாறிக் கறுத்து, குவியல் இறங்கி, கரி–தழை விகிதம் 24-க்கு 1 என்ற அளவுக்கு வந்துவிடும். காயர் வாரியமும் ‘பித்பிளஸ்’ என்ற பெயரில் இதற்கான காளான் வித்தைப் பரப்பியது. இப்படி மட்கியது மண்ணை வளப்படுத்தும் உரம். தொட்டியில் மண்ணுக்குப் பதில் செடி வளரும் ஊடகமாக வைக்கும் கழுவிய கட்டி வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட முடியாது.

தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை?

நாள் கணக்கு வைக்காதீர்கள். நார்க்கழிவின் மேல்பரப்பு வெயிலில் சீக்கிரம் வெளுத்துக் காய்ந்ததுபோலத் தெரியும், கீழே நல்ல ஈரம் இருக்கும். அதைப் பார்த்து மேலும் ஊற்றி வேரை அழுகவிடுவது சகஜம். பையை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிப் பாருங்கள், எடை சொல்லிவிடும். விரலை இரண்டு விரற்கடை ஆழம் உள்ளே விட்டுப் பார்ப்பதும் சரிதான்.

கலவை மண்ணில் வளர்ப்பவர்கள் மிதமாக ஊற்றினால் போதும். தனி நார்க்கழிவில் உரத்தண்ணீர் கொடுப்பவர்களுக்கு விதி வேறு: ஊற்றியதில் பத்தில் ஒரு பங்காவது, முடிந்தால் ஐந்தில் ஒரு பங்கு, அடியில் வடிய வேண்டும். வடியாவிட்டால் செடி தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு உப்பைப் பைக்குள் விட்டுவைக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் இது வேகமாக நடக்கும். பெரிய தக்காளிச் செடிக்கு அப்போது ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறைகூடத் தேவைப்படலாம். நார்க்கழிவை முழுக்கக் காயவிடவும் கூடாது. காயும்போது உள்ளே உப்பின் அடர்த்தி ஏறி வேர் நுனி கருகும்.

உரம் எதை, எவ்வளவு?

தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரம் எல்லா உரக்கடையிலும் கிடைக்கும். லிட்டருக்கு 1 கிராம். நாற்றுக்கு அதில் பாதி. இதை மட்டுமே கொடுத்தால் இரண்டு குறை உண்டு. கால்சியம் துளியும் இல்லை. தழைச்சத்தில் பாதிக்கும் மேல் யூரியா வடிவத்தில் இருக்கிறது. அதை நுண்ணுயிர்கள் மாற்றிக் கொடுத்த பிறகே செடி நன்றாக எடுக்கும், தனி நார்க்கழிவில் அவை குறைவு. எனவே ஒரு நாள் 19:19:19, மறுமுறை கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 1 கிராம் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். வாரம் ஒரு முறை எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) லிட்டருக்கு அரை கிராம், அதோடு நுண்ணூட்டக் கலவை. கால்சியம் நைட்ரேட்டை எப்சம் உப்போடும் மணிச்சத்து உரத்தோடும் அடர்த்தியாக ஒரே வாளியில் கரைக்காதீர்கள். வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும், செடிக்கு ஒன்றும் போய்ச் சேராது.

ஈ.சி. அளப்பவர்கள் நாற்றுக்கு 1, கீரைக்கு 1.2 முதல் 1.6, காய்க்கும் தக்காளிக்கு 2 முதல் 2.5 என்று வைத்துக்கொள்ளலாம். கார அமில நிலை 5.8 முதல் 6.2.

தக்காளியின் அடி கறுத்துப் போகிறது. என்ன நோய்?

நோய் இல்லை, மருந்து அடிக்காதீர்கள். காய்க்குக் கால்சியம் போதவில்லை. மேலே சொன்ன ஊறவைப்பைச் செய்யாதவர்களுக்கு இது அடிக்கடி வரும். செய்தவர்களுக்கும் வரலாம். கால்சியம் தண்ணீரோடுதான் ஏறுகிறது; ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் காய்க்குப் போய்ச் சேராது. கறுத்த காயைப் பறித்துவிட்டுத் தண்ணீரைச் சீராக்குங்கள், கால்சியம் நைட்ரேட்டை விடாமல் கொடுங்கள். அடுத்த கொத்து நன்றாக வரும்.

அடி இலைகளில் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியக் குறை. எப்சம் உப்பு போதும்.

போர் தண்ணீர்தான் இருக்கிறது. பரவாயில்லையா?

கடுநீரில் கால்சியம் ஏற்கெனவே இருக்கும், அது நல்லதுதான். அதிலுள்ள பைகார்பனேட் கார நிலையை மெல்ல ஏற்றும், இரும்புச்சத்து எடுபடாமல் இளந்தளிர் வெளுக்கும். அப்போது நீர்த்த அமிலம் சில துளி சேர்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். கடற்கரைப் பகுதியின் உவர்த் தண்ணீர் வேறு கதை. அதில் சோடியம் அதிகம், நார்க்கழிவில் அது ஒட்டிக்கொண்டே போகும். மழைநீரோடு கலந்து பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. கருவி கழித்து விடும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றவே ஊற்றாதீர்கள். உப்பைத் திரட்டித் தள்ளிய தண்ணீர் அது.

நார்க்கழிவு பற்றி இணையத்தில் தேடினால் கஞ்சா வளர்ப்பு வழிகாட்டிகளே வருகின்றன. அவற்றைப் பின்பற்றலாமா?

கனடாவில் 2018 அக்டோபரிலிருந்தும், ஜெர்மனியில் 2024 ஏப்ரலிலிருந்தும் பெரியவர்கள் வரம்புக்குட்பட்ட எண்ணிக்கையில் வீட்டில் கஞ்சாச் செடி வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த மாதிரி நாடுகளில் வீட்டுக்குள் வளர்ப்பவர்களில் பலர் நம் நார்க்கழிவைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதைப் பற்றி நிறைய எழுதியும் இருக்கிறார்கள். இந்தியாவில் நிலைமை வேறு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரு செடி வளர்த்தாலும் குற்றம். பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க முடியும். தொட்டியில் வளர்த்தேன், விற்கவில்லை என்பதெல்லாம் செல்லாது. அந்த ஆசை வேண்டாம்.

கழுவுதல், கால்சியம், வடிநீர் பற்றி அந்த வழிகாட்டிகள் சொல்வது தக்காளிக்கும் பொருந்தும். உர அளவுகளை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள். குளிரூட்டிய அறை, ஆர்.ஓ. தண்ணீர் என்று வைத்துச் சொன்னவை அவை. நம் ஊர்ச் சூட்டில் செடி அதிகம் தண்ணீர் குடிக்கும், அதே அளவு உரம் இங்கே மிகையாகிவிடும். பாதியில் தொடங்குங்கள்.

வீட்டுக்குள் விளக்கு வைத்து எதெல்லாம் வளரும்?

கீரை, கொத்தமல்லி, வெந்தயக்கீரை, புதினா, துளசி. சாதாரண வெள்ளை எல்.இ.டி. குழல் விளக்கை ஓரடி உயரத்தில் வைத்து ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரியவிட்டால் போதும். ஜன்னல் வெளிச்சம் நம் கண்ணுக்குப் பிரகாசம், செடிக்குப் பற்றாது. தண்டு நீண்டு சாய்ந்துவிடும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு மாடி வெயிலே சரி. விளக்கில் காய்க்க வைக்கலாம், மின்கட்டணத்துக்குக் கட்டுப்படியாகாது. ஒரு சின்ன மின்விசிறி ஓடட்டும், பூஞ்சை வராது.

சின்னச் சின்ன கறுப்புக் கொசு பறக்கிறது. என்ன செய்வது?

பூஞ்சைக் கொசு. ஈரம் அதிகம் என்று அர்த்தம். மேல் ஓரங்குலத்தைக் காயவிடுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள். அப்புறமும் குறையாவிட்டால் மேலே வேப்பம் புண்ணாக்கு தூவுங்கள்.

ஒரே நார்க்கழிவை எத்தனை முறை பயன்படுத்தலாம்?

இரண்டு மூன்று பட்டம் தாராளமாக. பழைய வேரைச் சலித்து எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, மறுபடி கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்து, கறுப்பு பிளாஸ்டிக் தாளால் மூடி வெயிலில் இரண்டு வாரம் வைத்தால் போதும். வாடல் நோயில் செத்த செடியின் பையை மட்டும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். தூள் நைந்து சேறாகத் தொடங்கினால் தொட்டிக்கு அது முடிந்தது. மட்கு உரக் குழியில் போட்டுவிடலாம்.

இஞ்சி, மஞ்சள் வருமா?

அருமையாக வரும். கிழங்கு பருக்க இளகிய ஊடகம் வேண்டும், நார்க்கழிவு அதற்கென்றே செய்ததுபோல இருக்கும். அகலமான பையாகப் பாருங்கள், ஆழம் ஓரடி போதும். சித்திரைக் கடைசியில் அல்லது வைகாசியில் விதைக்கிழங்கை நட்டு, கலவையில் மண்புழு உரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். வடிகால் துளை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஐப்பசி மழையில் அழுகல் பிடிப்பது அங்கேதான்.